கக்கூஸ் குளத்துக்குப் போட்ட கோலம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். குளுவாங் சந்தையில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "குளத்துப் பக்கத்துல வீடா, கொடுத்து வச்சவங்க. மீன் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கிழங்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிற மனுஷியை எதற்குக் கெடுக்க வேண்டும்.

அது கக்கூஸ் குளம். எங்கள் தாமானில் நாலு வரிசை வீடு. சுற்றிலும் செம்பனை. தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தபோது எங்களையெல்லாம் கொண்டுவந்து குடிவைத்த இடம். எல்லா வீட்டுக் கக்கூஸ் தண்ணீரும், குளித்த தண்ணீரும், சட்டிபானை கழுவிய தண்ணீரும் மண்ணுக்குள் குழாய் வழியாக ஓடிப்போய் அந்தக் குளத்தில் சேரும். அங்கே கிடந்து, ஊறி, தெளிந்து, பிறகு கால்வாய் வழியாக ஆற்றுக்குப் போகும். சுற்றிக் கம்பிவேலி, பூட்டு, ஒரு பலகை. பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது, எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் படம் போட்டிருக்கிறார்கள். ஓர் ஆள் தண்ணீரில் மூழ்கிக்கொண்டே கையைத் தூக்குகிறான். அந்தக் குளத்தில் இறங்கிக் குளிக்க யாருக்கு ஆசை வரும் என்று நினைத்து அந்தப் படத்தைப் போட்டார்களோ, அதுவும் தெரியாது.

குளத்தின் நடுவில் ஒரு சக்கரம் மிதக்கும். கரண்டில் ஓடுகிற சக்கரம். இறால் வளர்க்கிற குளங்களில் இருக்குமே, அதே மாதிரி. தண்ணீரை அடித்து அடித்து மேலே வாரிப் போடும். ராத்திரி பகல் இல்லாமல் கொடகொடகொட என்று சத்தம். குடிவந்த புதிதில் அந்தச் சத்தத்தில் தூக்கமே வராது. எதிர்வீட்டுக்காரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பாள். பிறகு பழகிவிட்டது. எவ்வளவு பழகிவிட்டதென்றால், அது நின்ற அன்றுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே எங்களுக்கு நினைவு வந்தது. காலையில் பசியாறக் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் டிங் டிங் என்று அவ்வளவு தெளிவாகக் கேட்டது. என்னடா இது, காது நல்லாகிவிட்டதா என்று சந்தோஷப்பட்டேன். காது நல்லாகவில்லை. சக்கரம் நின்றுவிட்டது.

சில நாள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் வந்தது நாற்றம்.

அதை எப்படிச் சொல்வது? முட்டை அழுகின நாற்றம் என்றால் அது முட்டைக்கு அவமானம். துணி காயப்போட்டால் துணியில் வரும். ரசம் வைத்தால் ரசத்தில் வரும். சாம்பிராணி போட்டுப் பார்த்தேன். சாம்பிராணியும் நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வந்தது, அது இன்னும் மோசம். வாசத்துக்குப் பாண்டான் இலையைக் கட்டித் தொங்கவிட்டேன். எலுமிச்சம்பழத்தை அறுத்து ஜன்னலில் வைத்தேன். ஜன்னலுக்குத்தான் அழகாக இருந்தது.

தோட்டத்தில் நாங்கள் பார்க்காத நாற்றமா என்று சிலர் கேட்பார்கள். பார்த்திருக்கிறோம். லயத்துக்குப் பின்னால் கால்வாய் மேலே பலகை போட்ட கக்கூஸ்தான் இருந்தது. தோட்டத்துக் காற்று இனிக்கும் என்று இப்போது சொல்கிறவர்கள் எல்லாம் கித்தாப் பால் ரப்பராகக் காய்கிற கொட்டகைப் பக்கம் ஒரு நாளும் போகாதவர்கள். ஆனால் அந்த நாற்றத்தைத் தேடி நாம்தான் போக வேண்டும். போய்விட்டுத் திரும்பி வந்துவிடலாம். இது அப்படியில்லை. இது வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மாட்டேன் என்கிற நாற்றம்.

எனக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கதையே வேறு.

என் கடைக்குட்டிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லை. போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. மருமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறவர். வீடு உலு திராமில். மாமியாரும் கூடவே இருக்கிறார். அப்படி இருக்கையில் ஒரு நாள் போனில், "மா, நின்னுருச்சி மா," என்றாள். எனக்கு அந்தச் சமயம் மண்டை முழுக்கச் சக்கரம்தான். "எனக்குத் தெரியும்டி, இங்க நாறுது," என்றேன். அந்தப் பக்கம் சிரிக்கிறாள், அழுகிறாள், மறுபடி சிரிக்கிறாள். அப்புறம்தான் எது நின்றதென்று எனக்கு விளங்கியது. நான் போனை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டுச் சாமியறைக்கு ஓடினேன். அவள் பாவம், போனில் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் இரண்டு பேச்சு கிடையாது. பத்தியத்துக்கு மிளகும் பூண்டும் அப்போதே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன். மூன்றாம் மாதம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மருமகன் காடியில் கூட்டிக்கொண்டு வந்தார். காடியை விட்டு இறங்கினாள். வாசலில் இருக்கிற கால்வாய் ஓரமாகக் குனிந்தாள். வீட்டுக்குள் வருவதற்கு முன் ஒரு முறை, வந்த பிறகு ஒரு முறை, சோறு போட்ட தட்டைப் பார்த்ததும் ஒரு முறை. சாயங்காலமே கிளம்பிவிட்டாள். "மசக்கைமா, உங்க வீட்டு மேல ஒண்ணும் இல்ல," என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். வயிறு என்னவோ அப்படிச் சொல்லவில்லை.

மறுநாள் சம்பந்தியம்மா பேசினார். நல்ல மனுஷிதான். ஆனால் நாக்கில் எலுமிச்சம்பழம்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இத்தன வருஷம் கழிச்சி வந்த புள்ள. அந்த நாத்தத்துல கொண்டாந்து எப்படி வைக்கிறது?"

"பொறக்கறதுக்குள்ள சரியாயிரும்ங்க."

"யாரு சரி பண்ணுவா? நீங்க எறங்கிப் பண்ணுவீங்களா?"

"அதுக்கு ஆள் இருக்குங்க."

"ஆள் வரட்டும், அப்புறம் பாக்கலாம். இங்கயும் மிளகு பூண்டு இருக்கு. அரைக்கத் தெரியும் எனக்கு."

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்தக் கடைசிப் பேச்சுக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். நல்ல பதில் கிடைத்தது, ஆனால் மறுநாள்தான் கிடைத்தது.

அப்போதிலிருந்து அந்தச் சக்கரம் எனக்கு என் மகள் மாதிரி ஆகிவிட்டது. அது சுற்றினால் அவள் வருவாள். சுற்றாவிட்டால் வர மாட்டாள். கவர்மெண்ட் ஆப்பீசுகளுக்குப் போன் அடித்தேன். எழுத்துத் தெரியாதவளுக்கு இந்தப் போனில் பேசி அனுப்புகிற வசதி இருக்கிறதே, அதைக் கண்டுபிடித்தவன் நன்றாக இருக்க வேண்டும். ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கீழே இரண்டு கோடு வரும். அவர்கள் கேட்டுவிட்டால் இரண்டும் நீலமாகும். எனக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அந்த நீலக்கோடு ஒன்றுதான்.

நீலமெல்லாம் ஆகும். பதில்தான் வராது. வந்தாலும் ஒரே பதில். இந்த ஆப்பீஸ், குளம் எங்களுடையது இல்லை, வீடு கட்டினவனைக் கேள் என்றது. வீடு கட்டினவன் கடையை மூடிவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. அந்த ஆப்பீஸ், கட்டினவன் எங்கள் கையில் ஒப்படைக்கவே இல்லையே என்றது. குளத்துக்குத் தாய் தகப்பன் இல்லாமல் போய்விட்டது. நாற்றத்தை மட்டும் யாரும் ஒப்படைக்காமலே நாங்கள் வாங்கிக்கொண்டோம். ஒரு பையன் போனில், "சாபார் லா ஆன்ட்டி," என்றான். சாபார் என்றால் பொறுமை. "தம்பி, நான் பொறுப்பேன், வயித்துல இருக்கறது பத்து மாசத்துக்கு மேல பொறுக்காது," என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, போனை வைத்துவிட்டான்.

எங்கள் தாமானுக்கு ஒரு தலைவர் உண்டு. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலாய் சரளமாகப் பேசுவார், அதனால் தலைவர். ஆப்பீசிலிருந்து எது வந்தாலும் அவர் போனுக்குத்தான் வரும். தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், நான் வாசலில் உட்கார்ந்து முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டுக்காரியும் பக்கத்தில் இருக்கிறாள். தலைவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"அக்கா, ஆப்பீஸ்லேருந்து வந்திருச்சி."

"சக்கரமா?"

"சக்கரம் இல்லக்கா. ஆளு வர்றாங்க, சனிக்கிழம காலைல. கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "லாவாத்தான் தாப்பாக் கோலம்."

"அப்படின்னா?"

"லாவாத்தான்னா வந்து பாக்கறது. கோலம்னா கோலம்தான். தீபாவளி வருதுல்ல? போன வருஷம் டவுன்ல காம்ப்ளெக்ஸ்ல கோலம் போட்டாங்களே, பெரிய ஆளுங்கள்லாம் வந்து படம் புடிச்சாங்களே. இந்த வருஷம் நம்ம பக்கம் வர்றாங்க."

"நடுவுல ஒண்ணு சொன்னீங்களே."

"தாப்பாக்." அவருக்கும் அங்கே கொஞ்சம் இடித்தது போலிருக்கிறது. செருப்பிலிருந்து காலை எடுத்து உள்ளங்காலைப் பார்த்தார். "தாப்பாக் காக்கின்னா உள்ளங்கால்."

எதிர்வீட்டுக்காரி சட்டென்று, "பாதக் கோலம்," என்றாள். "கிருஷ்ணர் பொறந்த அன்னிக்குப் போடுவோமே, சின்னச் சின்னப் பாதம். அதத்தான் கேக்கறாங்க."

"மலாய்க்காரங்களுக்கு அது எப்படித் தெரியும்?" என்றேன்.

"இப்பல்லாம் போன்ல எல்லாம் வருதுக்கா."

சொன்னால் சிரிப்பீர்கள். மலாயில் குளத்துக்கும் கோலம் என்றுதான் பேர். அது எங்களுக்குத் தெரியாதா? மீன் குளத்தைக் கோலம் ஈக்கான் என்று நாங்களே சொல்வோம். ஆனால் பின்னால் இருப்பதை ஒரு நாளும் நாங்கள் குளமாக மதித்ததில்லை. எந்தப் பாஷையிலும் அது எங்களுக்குக் கக்கூஸ்தான். தீபாவளி மாதத்தில், கையில் மாவோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து கோலம் என்று சொன்னால் அவளுக்கு எந்தக் கோலம் நினைவு வரும்? தாப்பாக் என்றால் ஓர் இடம், ஒரு மனை என்றும் அர்த்தம் இருக்கிறதாம். குளம் இருக்கிற இடத்தைப் பார்வையிட வருகிறோம் என்று அவர்கள் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் கிருஷ்ணர் பாதம் வரைய உட்கார்ந்துவிட்டோம்.

எனக்குக் கோலம் முக்கியமில்லை. பெரிய ஆள் வரட்டும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குளத்தைக் காட்டிவிடலாம் என்பது என் கணக்கு. அதனால் தலைவர் பங்கு பிரித்தபோது, "குளத்துக்குப் போற சந்து எனக்கு," என்றேன். யாரும் போட்டிக்கு வரவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை எல்லாப் பெண்களும் சடக்கில், தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். பாதக் கோலம் போடுவது அழகான வேலை. அரிசிமாவைக் கரைத்து, கையை முஷ்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தோய்த்துத் தரையில் ஓர் அழுத்து. குழந்தையின் உள்ளங்கால் மாதிரி விழும். மேலே விரல் நுனியால் ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். வலது கைக்கு ஒரு கால், இடது கைக்கு ஒரு கால். எனக்கு முட்டி வலி. ஒரு பழைய தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து போட்டேன். போடப் போட மனசு எங்கேயோ போய்விட்டது. இந்த அளவுதானே இருக்கும் அதன் கால், இதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே போட்டேன்.

எதிர்வீட்டுக்காரி பின்னால் வந்து நின்று பார்த்தாள்.

"என்னக்கா, பாதம் வெளிய போற மாதிரி போடறீங்க? வீட்டுக்குள்ள வர்ற மாதிரில்ல போடணும்."

"உள்ள நாத்தம் வந்துட்டிருக்கு. பாதமாச்சும் வெளிய போய் அது என்னான்னு கேட்டுட்டு வரட்டும்."

"புள்ளத்தாச்சிப் பொண்ணு வரப்போற வீடு. வெளிய போற பாதம் நல்லால்லக்கா."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மாற்றவில்லை. வாசலில் மட்டும் இரண்டு பாதத்தை உள்ளே பார்த்த மாதிரி வைத்தேன். மற்றதெல்லாம் சந்து வழியாக வரிசையாகக் குளத்து வேலி வரைக்கும் போயிற்று. பார்க்க, ஒரு குழந்தை எங்கள் வீட்டிலிருந்து இறங்கிக் கக்கூஸ் குளத்துக்கு நடந்து போன மாதிரிதான் இருந்தது.

வெயில் ஏறுவதற்குள் தாமானே வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. எல்லோரும் சேலை மாற்றிக்கொண்டு வந்தோம். தலைவர் ஒரு மேசையில் துணி விரித்து முறுக்கும் அதிரசமும் வைத்தார். ஒரு வெள்ளை ஹைலக்ஸ் காடி வந்து தாமான் முகப்பில் நின்றது. மேலே ஒரு சின்னப் படகு கட்டியிருந்தது. கோலம் பார்க்கப் படகு எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம்தான். இரண்டு ஆண்கள், முக்காடு போட்ட ஒரு சின்னப் பெண், காலில் முட்டி வரைக்கும் பூட்சு. அவள்தான் பெரிய ஆபீசராம்.

அவர்கள் பேசியது மலாய், நாங்களும் மலாய்தான் பேசினோம். புரிவதற்காகத் தமிழில் சொல்கிறேன். கோலம் என்கிற வார்த்தையை மட்டும் மாற்ற மாட்டேன்.

"வாங்க வாங்க," என்றார் தலைவர். "எல்லாம் தயாரா இருக்கு."

"ரொம்ப நல்லதுங்க. நாங்க கோலம் பாக்க வந்தோம்."

"இதோ, கோலம்."

அவள் தரையைப் பார்த்தாள். "அழகா இருக்கு. தீபாவளிக்கா? சரி. கோலம் எங்க இருக்கு?"

"இதுதாங்க கோலம். அங்க வரைக்கும் கோலம்."

"இல்ல இல்ல, கோலம்."

"ஆமா ஆமா, கோலம்."

அந்தப் பெண் மேலே கட்டின படகைக் காட்டினாள். தலைவர் படகையும் பார்த்தார், கோலத்தையும் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தி, வெட்கப்பட்டுக்கொண்டு, "கோலம் நாஜிஸ்," என்றாள். நாஜிஸ் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் தலைவர் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்துபோயிருக்கும். பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் மோதினவர் முகம் மாதிரி இருந்தது.

எதிர்வீட்டுக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். "தாப்பாக் கோலம் இல்ல தலைவரே. தப்பான கோலம்."

எல்லோரும் சிரித்தோம். என்ன நடந்ததென்று சொன்னதும் அந்த ஆபீசர் பெண்ணும் முறுக்கு கடித்துக்கொண்டே கண்ணில் நீர்வரச் சிரித்தாள். எனக்கானால் காலில் இறக்கை முளைத்துவிட்டது. குளத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள், வாங்க போகலாம் என்று முன்னால் நடந்தேன். காடி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் டிரைவர் இறங்கி நிற்கிறான்.

"ஆன்ட்டி, இது சாமி சாமானா?" என்று பாதங்களைக் காட்டினான்.

"சாமியோட கால்தான்," என்று எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"அப்போ டயர் ஏத்த மாட்டேன். எனக்கு வேணாம்பா பாவம்."

"பரவால்ல, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம், ஏத்துங்க," என்றேன்.

"நீங்க சொல்ல மாட்டீங்க ஆன்ட்டி. யாராச்சும் படம் புடிச்சிப் போட்டாங்கன்னா? கவர்மெண்ட் காடி சாமி கால் மேல ஏறிடுச்சின்னு."

நல்ல பையன். நல்லவனாக இருப்பதற்கு அவனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. படகும் பெட்டிகளும் காடியில் இருக்கின்றன, தூக்கிக்கொண்டு நடக்கிற கனம் இல்லை. ஆபீசர் பெண் தலைவரிடம், "அப்ப தீபாவளி முடிஞ்சதும் வர்றோங்க," என்றாள். தலைவர், "அதான் நல்லதுங்க," என்றார்.

எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. தீபாவளி முடிந்ததும் என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? அப்புறம் கிறிஸ்துமஸ் வரும், சீனப் பெருநாள் வரும், நோன்பு வரும். அவள் வயிறு அதற்கெல்லாம் நிற்குமா? வந்தவர்கள் வாசல் வரைக்கும் வந்துவிட்டு, நாங்களே போட்ட கோலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதா? ஒரு வார்த்தையும் பேசாமல் வீட்டுக்குப் போனேன். செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தேன். முழுசாகத் திறந்துவிட்டேன்.

முதலில் போனது எதிர்வீட்டுக்காரியின் பாதங்கள். காடிக்கு முன்னால் அதுதான் இருந்தது.

"அக்கா, என்னக்கா பண்றீங்க?"

"கழுவுறேன்."

"உங்களத கழுவுங்க. என்னோடத ஏன் கழுவுறீங்க? இருட்டுல எழுந்து போட்டது. இன்னும் படம்கூட எடுக்கல."

"அடுத்த வருஷம் போடலாம்டி."

"அடுத்த வருஷம் உங்க வீட்டு வாசல்ல போடுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தத் தீபாவளிக்கு அவள் வீட்டுப் பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவள் செய்கிற நெய்யுருண்டை மாதிரி யாருக்கும் வராது. அதுவும் எனக்குப் போயிற்று.

முகப்பிலிருந்து என் சந்து வரைக்கும் கழுவினேன். குழாய் எட்டாத இடத்துக்கு வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன். மாவுத் தண்ணீர் பால் மாதிரி ஓடிக் கால்வாயில் விழுந்தது. என் பாதங்களும் போயின. காடி ஊர்ந்து ஊர்ந்து எனக்குப் பின்னாலேயே வந்தது. இத்தனையும் கழுவிக் குளத்து வேலியைத் தொட்டதும் எனக்கு மூச்சு வாங்கியது. சந்தோஷமாகவும் இருந்தது. "பாருங்க," என்றேன், என்னமோ நானே வெட்டின குளம் மாதிரி.

பார்த்தார்கள். படகை இறக்கினார்கள். நீளக் கம்பை விட்டுச் சேற்றின் ஆழம் பார்த்தார்கள். போத்தலில் தண்ணீர் பிடித்தார்கள். ஆபீசர் பெண் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு விளக்கம் சொன்னாள். அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத நல்ல பூச்சிகள் இருக்கின்றனவாம். நம் கழிவையெல்லாம் அதுகள் தின்று தீர்த்துத் தண்ணீரைச் சுத்தமாக்குமாம். நம்மை மாதிரியே அதுகளும் மூச்சு விட வேண்டுமாம். சக்கரம் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்குவது அதற்காகத்தானாம். சக்கரம் நின்றால் நல்லது செத்துவிடும், காற்று வேண்டாத கெட்ட பூச்சி தலையெடுத்து நாறடிக்கும். எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. இத்தனை வருஷமாக எங்கள் அத்தனை வீட்டுக்கும் அந்தப் பூச்சிகள் வேலை செய்திருக்கின்றன, நாங்கள் சத்தம் தாங்கவில்லை என்று காதில் பஞ்சு வைத்திருக்கிறோம்.

"முறுக்கு சுட்ட எண்ணெய மட்டும் சிங்க்ல ஊத்தாதீங்க ஆன்ட்டி. மேல ஏடு கட்டிரும், காத்து போகாது."

"ஊத்த மாட்டோம். சக்கரம் எங்கம்மா? காடியில இருக்கா?"

"இன்னிக்கு பாக்க மட்டும்தான் ஆன்ட்டி."

"பாக்க மட்டும்தானா?"

"ரிப்போர்ட் எழுதணும். மேல போகணும். அப்புறம்தான் சாமான் வரும்."

நான் அப்படியே வேலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு தாமான் கோலத்தைக் கழுவியிருக்கிறேன், எதிர்வீட்டு நெய்யுருண்டையைத் தொலைத்திருக்கிறேன், பாக்க மட்டும்தானாம். அவளை என்ன திட்டுவது, அவள் பாட்டுக்கு வெயிலில் சேற்றில் நிற்கிறாள். ஆனாலும் திட்டினேன். முறுக்கைத் தின்னும்போது இதைச் சொல்லியிருக்கலாமே என்றேன். மகளைப் பற்றிச் சொன்னேன், சம்பந்தியம்மாவின் நாக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் பூட்சைக் கழற்றிச் சேற்றைத் தட்டிக்கொண்டே கேட்டாள். போகும்போது தன் சொந்த நம்பரை என் போனில் பதிந்து கொடுத்தாள். "எதுன்னாலும் எனக்கு வாய்ஸ் அனுப்புங்க ஆன்ட்டி."

என்னிடம் போய் அப்படிச் சொல்லலாமா?

தினமும் பசியாறி முடித்ததும் அவளுக்கு ஒரு வாய்ஸ். இன்றைக்கு நாற்றம் எப்படி, காற்று எந்தப் பக்கம், துணி காய்ந்ததா, மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, என்ன குழம்பு வைத்தேன் எல்லாம் சொல்வேன். ஒரு நாள் பேச ஆரம்பித்து, நடுவில் தேங்காய்க்காரன் வந்து, அவனிடம் தகராறு பண்ணினதும் அதிலேயே போய்விட்டது. தீபாவளி முடிந்ததும் வீடு வீடாகப் போய் எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதே என்று சண்டை பிடித்தேன். எதிர்வீட்டுக்காரி கதவைத் திறக்காமலே, "எண்ணெய்யும் கழுவ வந்துட்டீங்களா," என்று கேட்டாள். நீலக்கோடு தினமும் வந்தது. அவள் பதிலும் சில நாள் வரும். "இன்னும் மேலேதான் இருக்கு ஆன்ட்டி." மேலே என்றால் எத்தனை மாடியோ.

கடைசியில் ஒரு லாரி வந்து சேற்றை உறிஞ்சியது. இன்னொரு நாள் மோட்டார் வந்தது. மறுபடியும் கொடகொடகொட. நான் வேலியோரம் போய் நின்று கேட்டேன், கச்சேரி கேட்கிற மாதிரி. நாற்றம் உடனே போகவில்லை. பூச்சிகள் பிறந்து வளர வேண்டாமா? மெதுவாகத்தான் அடங்கியது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"சக்கரம் ஓடுதுங்க."

"வீடியோல காட்டுங்க."

காட்டினேன்.

"சுத்துது. சரி. நாத்தம்?"

"நாத்தத்த எப்படிங்க வீடியோல காட்டறது?"

"நான் நேர்ல வர்றேன்," என்றார். வந்தார். காடியை விட்டு இறங்கிக் கண்ணை மூடி மூக்கை உயர்த்தி நின்றார். நான் மூச்சையே விடவில்லை. "என்னமோ லேசா இருக்கு," என்றார். "அது ரசங்க," என்றேன். உண்மையில் அது ரசம் இல்லை. ஆனால் பின்சீட்டிலிருந்து என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு, "திரும்பி ஏறவெல்லாம் என்னால முடியாது அத்த," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் கடைக்குட்டிதான். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறாள். நான் பேசுவதையெல்லாம் புத்தகத் தமிழாக்குகிறேன் என்று அங்கங்கே மாற்றுகிறாள். கக்கூஸ் என்கிற வார்த்தையை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பேத்தியின் பாதத்தை என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நான் போட்ட பாதம் கொஞ்சம் பெரிசுதான்.

குழந்தைக்கு அந்தச் சக்கரச் சத்தம் இருந்தால்தான் தூக்கம் வருகிறது. தாலாட்டெல்லாம் வேண்டாம், பின்கதவைத் திறந்துவைத்தால் போதும். நேற்று நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று வீறிட்டாள். பசி இல்லை, துணி நனையவில்லை, எறும்பு கடிக்கவில்லை. தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அடுப்பில் குழம்பு கொதிப்பது தனியாகக் கேட்டது. எதிர்வீட்டில் அவள் மாவு சலிப்பதுகூடக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாற்றம் வருவதற்கு இன்னும் சில நாள் இருக்கிறது. பத்தியம் இன்னும் பாதிகூட முடியவில்லை. உலு திராமிலிருந்து சம்பந்தியம்மா இந்த வாரம் பிள்ளையைப் பார்க்க வருகிறார், மூக்கோடு. நான் போனை எடுத்துப் பட்டனை அமுக்கிக் குழந்தையின் வாய்ப்பக்கம் வைத்தேன். நன்றாக அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, "இது என் பேத்திம்மா. சக்கரம் நின்னுருச்சாம், சொல்றா," என்று சொல்லிக் கையை எடுத்தேன்.

இரண்டு கோடும் உடனே நீலமாகின. ஆபீசர் பெண் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று கடைக்குட்டி எட்டிப் பார்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"என்ன எழுதியிருக்கா?"

"எழுதறத நிறுத்திட்டா மா."